கீபோர்டு வாசித்துக்கொண்டே பாட எந்த மைக் வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குழுவின் பாடகர் வைத்திருக்கும் அதே மைக்கை நானும் வாங்கிவிட்டால் போதாதா?

பல நேரம் போதும். ஆனால் அவருக்கும் உங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அவர் மைக்கைக் கையில் பிடித்திருக்கிறார். தலை திரும்பினால் மைக்கும் கூடவே திரும்பும். உங்கள் இரண்டு கைகளும் கட்டைகளின் மேல் இருக்கின்றன. மைக் ஓரிடத்தில் நிற்கிறது, தலைதான் அசைகிறது. கார்டு மாறும்போது குனிந்து பார்ப்பீர்கள், மேலடுக்குக் கீபோர்டில் சவுண்டு மாற்றத் திரும்புவீர்கள், டிரம்மர் பக்கம் கண் காட்டுவீர்கள். இத்தனையும் நடக்கும்போது குரல் அறுந்துபோகாமல் இருக்க வேண்டும்.

ஆகவே "என் குரலுக்கு எது பொருந்தும்?" என்பது உங்களுக்கு இரண்டாவது கேள்வி. பாடும்போது தலை எங்கெல்லாம் போகிறது, மானிட்டர் (உங்கள் ஒலியை உங்களுக்கே கேட்க வைக்கும் மேடை ஸ்பீக்கர்) எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால் பட்டியலில் பாதி மைக்குகள் தாமாகவே கழிந்துவிடும்.

தலை கொஞ்சம் அசைந்தால் அவ்வளவு மாற்றமா வரும்?

வரும். மைக்கை ஒட்டிப் பாடுகிறவருக்குத்தான் அதிகமாக வரும். தூரம் இரட்டிப்பானால் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். 3 சென்டிமீட்டரில் பாடிக்கொண்டிருந்தவர் குனிந்து 6 சென்டிமீட்டருக்குப் போனாலே அந்த 6 டெசிபெல் போய்விடும். 12 சென்டிமீட்டரில் பாடுகிறவருக்கு அதே 3 சென்டிமீட்டர் அசைவால் 2 டெசிபெல்தான் குறையும். கேட்பவருக்குப் பெரிதாகத் தெரியாது.

அளவோடு நிறமும் மாறுகிறது. மேடையில் பயன்படும் திசை சார்ந்த மைக்குகளில் பெரும்பாலானவை வாய் நெருங்க நெருங்கக் கீழ் ஸ்தாயியை ஊதிப் பெருக்கிக் காட்டும். விலகியதும் அந்தக் கனம் காணாமல் போகும். பல்லவியில் நெஞ்சிலிருந்து வந்த குரல், சரணத்தில் குனிந்ததும் மெலிந்து ஒலிப்பது இதனால்தான்.

மூன்றாவதாக இன்னொன்று, பலர் யோசிக்காதது. வாயிலிருந்து புறப்படும் ஒலியில் உச்ச அதிர்வெண்கள் முகம் பார்க்கும் பக்கமே போகின்றன. தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் மைக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் "ச", "ட", "க" ஒலிகள் மங்கிவிடும். எந்த மைக்காலும் இதைச் சரிசெய்ய முடியாது, தலையில் மாட்டும் ஹெட்செட்டைத் தவிர.

என் பரிந்துரை: உதட்டிலிருந்து 5 முதல் 8 சென்டிமீட்டர் வரை இடைவெளி வைத்துப் பழகுங்கள். சவுண்டுக்காரர் இன்னும் நெருங்கச் சொல்வார். ஃபீட்பேக் (ஸ்பீக்கர் ஒலி மைக்கில் மறுபடி விழுந்து கூவுவது) அவர் தலைவலி, சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அசையும் தலைக்கு உதட்டோடு ஒட்டிய மைக் ஒத்துவராது. மேடைச் சத்தம் அதிகமாக இருந்தால் மட்டும் நெருங்குங்கள்.

டைனமிக்கா, கண்டென்சரா?

டைனமிக், காந்தத்தில் அசையும் சுருளால் வேலை செய்யும் மைக். கண்டென்சர், மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் நுட்பமான மைக். சத்தமான குழு, பக்கத்திலேயே டிரம்ஸ், தரையில் மானிட்டர் என்றால் டைனமிக். அமைதியான மேடை, தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ வாசிக்கிறீர்கள், அல்லது எல்லோர் காதிலும் இன்-இயர் (மானிட்டருக்குப் பதில் காதில் செருகும் இயர்போன்) என்றால் கண்டென்சரை யோசிக்கலாம்.

கண்டென்சர் தொலைவில் உள்ளதையும் வலிந்து பிடித்து இழுக்கிறது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது முழுக்கச் சரியல்ல. ஒரே திசை அமைப்பு, ஒரே தூரம் என்றால் குரலுக்கும் சுற்றுச் சத்தத்துக்கும் உள்ள விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கண்டென்சர் உச்ச அதிர்வெண்களைத் தெளிவாகத் தருவதால் சிம்பல் சத்தமும் கட்டை தட்டும் சத்தமும் கூர்மையாகத் தெரிகின்றன. கீபோர்டுக்காரருக்கு முக்கியமானது அந்த இரண்டாவது சத்தம். எடையுள்ள ஹேமர் கட்டைகளில் அழுத்தி வாசிக்கும்போது எழும் "டொக் டொக்" ஒலி, மெல்லிய பாட்டில் கண்டென்சர் வழியாக நன்றாகவே கேட்கும்.

மேடைக்கென்றே செய்யப்பட்ட கண்டென்சர்களில் ஷூர் பீட்டா 87ஏ, நாய்மன் கேஎம்எஸ் 105 இரண்டும் பெயர் பெற்றவை, இரண்டும் சூப்பர்கார்டியாய்டு (இந்தத் திசை வகைகளை அடுத்த கேள்வியில் பார்ப்போம்). 87 வரிசையிலேயே கார்டியாய்டு வேண்டுமென்றால் 87சி இருக்கிறது, நாய்மனில் கேஎம்எஸ் 104.

கார்டியாய்டு, சூப்பர்கார்டியாய்டு, ஹைபர்கார்டியாய்டு: எதை எடுப்பது?

மைக்கின் முன்பக்கம் எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும் பார்க்காதீர்கள். எந்தப் பக்கம் கேட்பதில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கார்டியாய்டு நேர் பின்னால், அதாவது 180 டிகிரியில், ஏறக்குறைய செவிடு. பக்கவாட்டில் 90 டிகிரியில் 6 டெசிபெல் குறைவாகக் கேட்கும். சூப்பர்கார்டியாய்டு பக்கவாட்டில் இன்னும் குறைவாக, ஏறத்தாழ 9 டெசிபெல் குறைத்துக் கேட்கும். ஆனால் நேர் பின்னால் அதற்கு ஒரு சின்னக் காது உண்டு. அது செவிடாக இருப்பது சுமார் 126 டிகிரியில். ஹைபர்கார்டியாய்டு இன்னும் ஒடுங்கியது. செவிட்டுத் திசை 110 டிகிரி அருகே, பின்பக்கக் காது இன்னும் பெரியது.

காகிதத்தில் அது 126 டிகிரி என்ற ஒரு கோடு. மேடையில் அது கோடு அல்ல, கூம்பு. மைக்கின் தலையைக் குடையின் உச்சியாகவும் உடலைக் குடையின் காம்பாகவும் வைத்துக்கொண்டால், கம்பிகள் சரிந்து இறங்கும் திசைகள் அத்தனையும் சூப்பர்கார்டியாய்டின் செவிட்டுத் திசைகள். இடப்பக்கம், வலப்பக்கம் மட்டுமல்ல, கீழேயும் மேலேயும்கூட. மானிட்டரை அந்தக் கம்பிகளில் ஏதாவது ஒன்றின் நீட்சியில் வைத்தால் போதும்.

தலை அசைவைப் பொறுத்தவரை, கணக்குப்படி 45 டிகிரி விலகலில் கார்டியாய்டுக்கும் சூப்பர்கார்டியாய்டுக்கும் வித்தியாசம் அரை டெசிபெல்கூடக் கிடையாது. ஆனால் உண்மையான மைக்குகள் உச்ச அதிர்வெண்களில் கணக்கை விட ஒடுங்கிவிடுகின்றன. ஒடுங்கிய மைக்கை விட்டு விலகும்போது குரல் குறைவதைக் காட்டிலும் மந்தமாவதுதான் முதலில் தெரியும். ஆகவே என் கணக்கு இப்படி: மேடைச் சத்தம் மிதமாக இருந்து தலை நிறைய அசைந்தால் கார்டியாய்டு. மேடை சத்தமானது, மானிட்டர் பக்கவாட்டில், தலை ஓரளவு நிலையாக இருக்கும் என்றால் சூப்பர்கார்டியாய்டு. ஹைபர்கார்டியாய்டு மைக்கோடு உதட்டை ஒட்டி வைத்துப் பாடுபவருக்கானது. ஆடிக்ஸ் ஓஎம்7 போன்றவை சத்தமான மேடைகளில் ஃபீட்பேக் இல்லாமல் அசத்தும். ஆனால் கட்டைகளைப் பார்க்கக் குனிந்த நொடியில் குரல் போய்விடும். கீபோர்டைப் பார்க்காமலே வாசிப்பவர் மட்டும் அதைத் தொடலாம்.

மானிட்டர் ஸ்பீக்கரை எங்கே வைப்பது?

நின்று பாடுபவருக்கு எதிரே தரையில் வெட்ஜ் (சாய்வான தரை மானிட்டர்) வைத்தால் வேலை முடிந்தது. உங்களுக்கு எதிரே கீபோர்டு இருக்கிறது. தரையில் முன்னால் வைக்கும் மானிட்டரின் ஒலியைக் கீபோர்டின் அடிப்பாகமும் ஸ்டாண்டும் மறைக்கின்றன. தெளிவு குறைவதால் இன்னும் ஏற்றச் சொல்வீர்கள், ஏற்றினால் ஃபீட்பேக்.

இதனால்தான் கீபோர்டுக்காரரின் மானிட்டர் பெரும்பாலும் பக்கவாட்டில் சற்று முன்தள்ளி வைக்கப்படுகிறது. அந்த இடத்துக்குச் சூப்பர்கார்டியாய்டுதான் பொருத்தம். மைக் உங்கள் வாயைப் பார்க்கிறது, அதன் வால் (வயர் செருகும் முனை) கூட்டத்தைப் பார்க்கிறது. அந்த வாலிலிருந்து 54 டிகிரி (180இல் 126 போக மீதி) விலகிய கோட்டில் மானிட்டர் நிற்க வேண்டும். அதாவது நேர் முன்னும் அல்ல, நேர் பக்கமும் அல்ல, இரண்டுக்கும் நடுவே. மானிட்டரை ஒரு அடி நகர்த்திப் பார்த்தாலே ஃபீட்பேக் கிளம்பும் அளவு மாறுவதைக் கேட்கலாம். ஈக்யூவை (மேல், கீழ் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளை) தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

முன்னாலேயே வைத்தாக வேண்டும் என்றால் கார்டியாய்டு எடுத்து, மைக்கின் தலையை மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். அப்போது அதன் வால் தரையில் இருக்கும் மானிட்டரை நோக்கும். கார்டியாய்டு செவிடாக இருப்பதும் அங்கேதான்.

இன்னொரு தொல்லை, முதுகுக்குப் பின்னால் வைக்கும் கீபோர்டு ஆம்ப். வாசிப்பவருக்கு அது சௌகரியம். ஆனால் அது நேராக மைக்கின் முகத்தையே பார்க்கிறது. இடையில் உங்கள் தலை ஒன்றுதான் தடுப்பு. பாடும் மைக்கில் கீபோர்டு ஒலி பெருமளவில் கலந்துவிடும். மிக்ஸரில் குரலை ஏற்றினால் பியானோவும் சேர்ந்து ஏறும். எந்தத் திசை அமைப்பும் இதற்கு உதவாது. ஆம்பைப் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

எஸ்எம்58 போதுமா, மேலே போக வேண்டுமா?

1966இல் வந்த மைக் இன்றும் உலகமெங்கும் மேடைகளில் நிற்கிறதென்றால் காரணம் இருக்கிறது. கார்டியாய்டு, 50 ஹெர்ட்ஸ் முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை, கீழே விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும். கீபோர்டுக்காரருக்கு அதில் உள்ள நன்மை: அது தலை விலகலை ஓரளவு மன்னிக்கும். குறை: உச்ச ஒலிகளில் சற்று மூடியது போலிருக்கும், வெளிவரும் சமிக்ஞையும் கொஞ்சம் தாழ்வு. மெல்லிய குரலில் பாடுபவருக்குக் கெயின் (மிக்ஸரில் மைக் ஒலியை ஏற்றும் திருகு) நிறையத் திருப்ப வேண்டியிருக்கும்.

அதே குடும்பத்தில் பீட்டா 58ஏ சூப்பர்கார்டியாய்டு. ஏறக்குறைய 3 டெசிபெல் உரக்கத் தரும், மேலே பளிச்சென்று இருக்கும். சென்ஹைசரில் இ835, இ935 கார்டியாய்டு. இ845, இ945 சூப்பர்கார்டியாய்டு. இ935 எனக்குப் பிடித்தமானது. குழுவின் இரைச்சலுக்கு நடுவே சொற்கள் எடுபடும். இந்த எண்களைப் பார்த்து வாங்கும்போது 35, 45 என்ற கடைசி இலக்கங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வித்தியாசம் தரத்தில் அல்ல, திசையில்.

உண்மையைச் சொன்னால், 58இலிருந்து விலை உயர்ந்த மைக்குக்கு மாறுவதால் கிடைக்கும் முன்னேற்றத்தை விட, தொய்ந்து விழும் பூம் ஸ்டாண்டை (குறுக்குக் கரம் உள்ள ஸ்டாண்டை) மாற்றுவதால் கிடைப்பது அதிகம்.

அப்படியானால் ஸ்டாண்டு எப்படி இருக்க வேண்டும்?

கீபோர்டுக்காரருக்கு நேர் ஸ்டாண்டு ஆகாது. பூம் வேண்டும், அதுவும் நீளமான பூம். ஸ்டாண்டின் கால் கீபோர்டுக்கு வெளியே நின்று, கரம் கட்டைகளைத் தாண்டி வாய்வரை வர வேண்டும். கரம் நீள நீள மைக்கின் எடை அதை இழுக்கும். பாதிப் பாட்டில் மைக் மெல்லக் கீழே இறங்கினால் பிடித்துத் தூக்கக் கை கிடையாது. எனவே இறுக்கும் திருகு உறுதியாக உள்ளதா, பின்பக்கம் எதிர்எடை இருக்கிறதா என்று பாருங்கள். 300 கிராம் அளவுள்ள சாதாரண மைக்குக்கே இது பொருந்தும். எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்ஈ20 வைக்க ஆசைப்படுகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். வானொலி நிலையங்களில் பிரபலமான அந்த மைக், வாய் நெருங்கினாலும் விலகினாலும் கீழ் ஸ்தாயி பெரிதாக மாறாதபடி வடிவமைக்கப்பட்டது. தலை அசைப்பவருக்கு நல்ல யோசனைதான். ஆனால் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. லேசான பூம் அதைத் தாங்காது.

மூன்று கால் ஸ்டாண்டின் கால்கள் எக்ஸ் வடிவக் கீபோர்டு ஸ்டாண்டின் கால்களோடு சிக்கிக்கொள்ளும். வட்டமான கனத்த அடித்தட்டு இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் நீண்ட பூமோடு அது கவிழவும் கூடும், எடை போதுமா பாருங்கள்.

கரம் எந்தப் பக்கமிருந்து வருவது? ஒற்றைக் கீபோர்டு என்றால் பக்கவாட்டிலிருந்து, பேனலையும் பட்டன்களையும் அதிகம் தொடாத கைப்பக்கமாக. பலருக்கு அது இடப்பக்கம். இடது ஓரத்தில் இருக்கும் பிட்ச் வீலை (சுருதியை வளைக்கும் சக்கரத்தை) ஓயாமல் பயன்படுத்துபவருக்கு வலப்பக்கம். இரண்டடுக்கு என்றால் முன்னாலிருந்து, மேலடுக்குக்கு மேலாக. பக்கவாட்டிலிருந்து வந்தாலும் மைக்கின் முகத்தைக் கடைசியில் திருப்பி, வால் கூட்டத்தை நோக்கும்படி வையுங்கள். கரம் வந்த திசையிலேயே மைக்கும் கிடந்தால் செவிட்டுத் திசை வேறெங்கோ போய், மானிட்டருக்காகப் போட்ட கணக்கெல்லாம் வீணாகும்.

உயரம்: வாய் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, மேல்நோக்கிய சாய்வில். நீங்கள் குனியும்போது வாய் மைக்கை நோக்கித்தான் போகும். மேலேயிருந்து கீழே தொங்கும் மைக் பார்வைக்கு அழகாக இருக்கலாம். குனிந்த வாசிப்புக்கு அது எதிரி. முகத்தையும் மறைக்காது என்பது கீழ்நிலை வைப்பின் கூடுதல் லாபம். சூப்பர்கார்டியாய்டில் மட்டும் சாய்வைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதிகம் சாய்த்தால் அதன் பின்பக்கக் காது முன்னால் தரையில் இருக்கும் மானிட்டரைக் கேட்கத் தொடங்கும்.

கீபோர்டு ஸ்டாண்டிலேயே மைக் கரத்தைப் பொருத்தலாமா?

சில ஸ்டாண்டுகளில் அதற்கென்றே இணைப்பு உண்டு. தூக்கிச் செல்லச் சுலபம், மேடையில் இடமும் மிச்சம். ஆனால் நீங்கள் தட்டும் ஒவ்வொரு தட்டும் உலோகம் வழியாக மைக்குக்குப் போகும். தாளத்தோடு "தும் தும்" என்று அடிக்குரலில் ஒரு சத்தம் மானிட்டரில் வருகிறதென்றால் காரணம் இதுதான். மிக்ஸரில் ஹை-பாஸ் ஃபில்டரை (கீழ் ஒலிகளை வெட்டுவதை) 100 ஹெர்ட்ஸ் அருகே வைத்தால் பெரும்பகுதி போகும். பெண் குரலுக்கு இன்னும் மேலேகூட ஏற்றலாம். அதிர்வு தாங்கும் ரப்பர் பிடிப்பான் போட்டால் மேலும் குறையும். அப்படியும் மீதி இருந்தால் தனி ஸ்டாண்டுதான் வழி.

ஹெட்செட் மைக் எல்லாப் பிரச்சினையையும் தீர்த்துவிடாதா?

தலைப்பிரச்சினையை முழுமையாகத் தீர்க்கும். எங்கே திரும்பினாலும் வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரம் மாறாது. மூன்று பக்கமும் கீபோர்டு அடுக்கி நடுவில் நிற்பவருக்கு வேறு வழியே இல்லை எனலாம். ஏகேஜி சி520, ஷூர் எஸ்எம்35, டிபிஏ 4088 எல்லாம் இந்த வேலைக்கான கார்டியாய்டு ஹெட்செட்டுகள்.

பதிலுக்கு அது சிலவற்றை எடுத்துக்கொள்ளும். உச்சஸ்தாயியில் ஓங்கிப் பாடும்போது மைக்கை விட்டு விலகும் பழக்கம் பாடகர்களுக்கு இயல்பானது. ஹெட்செட்டில் அது நடக்காது. மிக்ஸரில் கம்ப்ரஸர் (ஓங்கும் ஒலியைத் தானாக அடக்குவது) போட்டே ஆக வேண்டும். இரும முடியாது, டிரம்மரிடம் "அடுத்த பாட்டை கொஞ்சம் மெதுவா எடு" என்று முணுமுணுத்தாலும் அரங்கம் முழுக்கக் கேட்கும். காலால் அணைக்கும் மியூட் பெடல் இல்லாமல் ஹெட்செட் வாங்காதீர்கள்.

வாங்கும்போது எல்லாத் திசையும் கேட்கும் ஓம்னி வகையா, கார்டியாய்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காதில் மாட்டும் மெல்லிய மைக்குகளில் பல ஓம்னி. நாடகத்துக்கும் பேச்சுக்கும் அவை அருமை. டிரம்ஸ் பக்கத்தில் மானிட்டரோடு திண்டாட வைக்கும். கார்டியாய்டு ஹெட்செட்டோ வைக்கும் இடத்தில் பிடிவாதம் பிடிக்கும். வாயின் ஓரத்தில், உதட்டை ஒட்டி, மூச்சுக்காற்று நேராகப் படாத இடத்தில், மைக்கின் தலை வாயைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அரை அங்குலம் நகர்ந்தாலும் குரல் மாறும்.

இவை பெரும்பாலும் கண்டென்சர்கள். நேரடியாக மிக்ஸரில் செருகக் கூடியதா, ஃபேண்டம் (மைக் வயர் வழியாகவே மிக்ஸர் தரும் 48 வோல்ட் மின்சாரம்) அடாப்டர் வேண்டுமா, வயர்லெஸ் பெட்டியோடு மட்டும்தான் வேலை செய்யுமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

என் கீபோர்டிலேயே மைக் செருகும் இடம் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமா?

தனியாக நிகழ்ச்சி செய்பவர் என்றால் தாராளமாக. யமஹா ஜீனோஸ், கோர்க் பிஏ4எக்ஸ் போன்ற பெரிய அரேஞ்சர் (தாளத்தையும் பின்னணியையும் தானே வாசிக்கும்) கீபோர்டுகளில் மைக் உள்ளீட்டோடு ரிவர்ப், எக்கோ, நீங்கள் பிடிக்கும் கார்டைத் தொடர்ந்து கூடுதல் குரல்களை எழுப்பும் ஹார்மனி வசதி எல்லாம் உண்டு. கண்டென்சருக்கு வேண்டிய 48 வோல்ட்டும் கிடைக்கும். சிறிய கீபோர்டுகளில் பெரும்பாலும் கால் அங்குல ஜாக் மட்டும் இருக்கும், 48 வோல்ட் இருக்காது; டைனமிக் மைக்கே போடுங்கள்.

குழுவோடு வாசிக்கும்போது வேண்டாம் என்பேன். குரலும் கீபோர்டும் ஒரே வயரில் கலந்து வெளியே போனால் சவுண்டுக்காரரால் ஒன்றை விட்டு ஒன்றைத் தொட முடியாது. குரல் எடுபடவில்லை என்று ஏற்றினால் ஸ்ட்ரிங்ஸ் காதை அடைக்கும். ஹார்மனி வசதி கட்டாயம் வேண்டுமென்றால், குரலைத் தனி அவுட்டில் அனுப்பும் வசதி உங்கள் கீபோர்டில் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள்.

வோகோடருக்குத் தனி மைக் வேண்டுமா?

வோகோடர் என்பது உங்கள் சொற்களைக் கீபோர்டின் ஒலியில் பேச வைக்கும் கருவி. 1979இல் வந்த ரோலண்ட் விபி-330 காலத்திலிருந்து இதே கதைதான்: வோகோடருக்குத் தேவை இனிமை அல்ல, தெளிவான மெய்யெழுத்துகளும் ஒரே சீரான அளவும். 2002இல் வந்த மைக்ரோகோர்க் தன்னோடு ஒரு வளையும் கழுத்து மைக்கையே கொண்டுவந்தது. வீட்டில் அது போதும். மேடையில் நல்ல டைனமிக்கை உதட்டருகே வைத்துப் பயன்படுத்துங்கள்; இங்கே மட்டும் மேலே சொன்ன இடைவெளியை மறந்துவிடலாம். வோகோடரும் ஹார்மனிப் பெட்டியும் மைக்கில் விழுவதையெல்லாம் குரல் என்றே எடுத்துக்கொள்ளும். சிம்பல் கசிந்தால் சிம்பலும் சேர்ந்து "பாடும்".

வயர்லெஸ் தேவையா?

நீங்கள் எங்கும் போகப்போவதில்லை. வயர் போதும். கீபோர்டைத் தோளில் மாட்டி நடப்பவராக இருந்தால் ஹெட்செட்டும் வயர்லெஸும் சேர்த்து வாங்குங்கள். அலைவரிசை விதிகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உங்கள் நாட்டில் அனுமதி உள்ள வகையா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஆன்-ஆஃப் சுவிட்ச் உள்ள மைக் நல்லதா?

கை ஓய்வில்லாதவருக்கு அந்த சுவிட்ச் எதற்கு? ஆஃபில் கிடப்பதை மறந்து முதல் வரியைத் தொலைப்பதற்குத்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. சுவிட்ச் இல்லாததை வாங்கி, தேவைப்பட்டால் கால் பெடல் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னணிக் குரல் மட்டும் பாடுபவராக இருந்தால் மைக்கை அணைத்து வைப்பதில் உண்மையான லாபம் உண்டு. மேடையில் திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஃபீட்பேக்குக்கு முன் கிடைக்கும் அளவில் 3 டெசிபெல் பறிபோகிறது. நான்கு பேர் மைக்கும் சும்மா திறந்திருந்தால் முதன்மைப் பாடகருக்குத்தான் நஷ்டம். ஆள் மைக் அருகே வரும்போது மட்டும் தானாகத் திறக்கும் அகச்சிவப்புக் கருவிகளும் உண்டு. மைக்குக்கும் வயருக்கும் இடையே பொருத்துவது. கீபோர்டுக்காரருக்கென்றே யோசித்துச் செய்தது போலிருக்கும்.

48 வோல்ட் ஃபேண்டம் போட்டால் டைனமிக் மைக் கெட்டுவிடுமா?

ஒழுங்கான எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் உள்ள மைக்) வயரில் கெடாது. இரண்டு சமிக்ஞைக் கம்பிகளிலும் ஒரே வோல்ட் இருப்பதால் மைக்கின் சுருளுக்கு எதுவும் போய்ச் சேராது. பழுதான வயர், ஒருபக்கம் ஜாக் வைத்த மாற்று வயர் இவற்றில்தான் ஆபத்து.

ஸ்டுடியோவில் நான் பாடும் பெரிய கண்டென்சரை மேடைக்குக் கொண்டுபோகலாமா?

வேண்டாம். அமைதியான அறையில் ஒரு அடி தள்ளிப் பாடுவதற்காகச் செய்தது அது. மேடையில் மூச்சுக்காற்று, அதிர்வு, மானிட்டர் மூன்றும் அதைப் படுத்திவிடும்.

இன்-இயர் பயன்படுத்துகிறேன். தேர்வு மாறுமா?

நிறைய மாறும். ஃபீட்பேக் பயம் கிட்டத்தட்டப் போய்விடுவதால், விலகலை மன்னிக்கும் கார்டியாய்டைத் துணிந்து எடுக்கலாம், கண்டென்சரும் ஒத்துவரும். புதிதாக ஒரு தொல்லை வரும். மைக்கில் கசியும் டிரம்ஸ் உங்கள் காதுக்குள்ளேயே அடிக்கும். நீங்கள் பாடாமல் வாசிக்கும் இடங்களில் அது எரிச்சலாக இருந்தால், மைக்கை மாற்றுவதற்கு முன் டிரம்ஸிலிருந்து தள்ளி நின்று பாருங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் டிரம்மர் இருந்தால் மைக்கின் முகம் அவரைத்தான் பார்க்கிறது.

வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

கடையில் கையில் பிடித்து "ஹலோ, ஒன் டூ த்ரீ" சொல்லிப் பார்ப்பதில் உங்களுக்குப் பயனில்லை. நண்பர்களிடமோ வாடகைக்கோ இரண்டு மூன்று மைக்குகளை வாங்கி ஒத்திகைக்குக் கொண்டுபோங்கள். ஒரே பல்லவியை முதலில் நேராகப் பார்த்தும், பிறகு கட்டைகளைப் பார்த்துக் குனிந்தும், மூன்றாவதாக மேலடுக்கையோ பக்கத்துக் கீபோர்டையோ வாசித்துக்கொண்டும் பாடிப் பதிவு செய்யுங்கள். ஈக்யூ எதுவும் போடாமல். எந்தச் சொல் விழுகிறது, எங்கே குரல் மந்தமாகிறது என்று கேளுங்கள். நேராகப் பாடியதில் எல்லா மைக்கும் நன்றாகத்தான் இருக்கும்.

பிறகு பாடாமல் குழுவோடு வாசித்து மட்டும் பதிவு செய்யுங்கள். மைக்கில் விழும் சத்தம் குரலை விட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது தெரியும். கெயினைக் குரல் அளவுக்குச் சமன் செய்த பிறகே மைக்குகளை ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் உரக்கக் கேட்கும் மைக்தான் நல்ல மைக் என்று காது ஏமாறும்.

மலிவாகக் கிடைக்கும் எஸ்எம்58 அசல்தானா?

உலகில் அதிகம் போலி செய்யப்படும் மைக்குகளில் அது ஒன்று. அசல் 298 கிராம். சமையலறைத் தராசிலேயே நிறுத்துப் பார்க்கலாம். போலிகளில் பல எடையில் தோற்கும். எடை சரியாக இருப்பதாலேயே அசல் என்றும் ஆகிவிடாது. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்குவதுதான் பாதுகாப்பு.

மைக்கை எப்படிச் சுத்தம் செய்வது?

மேடைக்கான டைனமிக்குகளில் பலவற்றின் கம்பிவலைத் தலையைத் திருகிக் கழற்றலாம். உள்ளே உள்ள பஞ்சையும் சேர்த்து மிதமான சோப்பு நீரில் கழுவி, முழுக்க உலர்ந்த பிறகே பூட்டுங்கள். வலையைக் கழற்றிய நிலையில் மைக்கின் உடலில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது. கண்டென்சர் என்றால் கையேட்டில் கழற்றலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் கழற்றுங்கள். பழைய மைக்கில் உச்ச ஒலிகள் மங்கி, குரல் மூடியது போல் வருகிறதா? புதியதைத் தேடுவதற்கு முன் அந்தப் பஞ்சைக் கழுவிப் பாருங்கள். எச்சிலும் தூசியும் அடைத்த பஞ்சு ஒலியையும் அடைக்கும்.